சம்பங்கி ஆயிடுச்சு

கேள்வி கேட்ட சீடனுக்கு வயது ஐம்பத்தொன்று. பதில் சொல்ல வேண்டிய குருவுக்கு முப்பத்தெட்டு. கூத்தாடும் குழுவான ஜமாவில் இதெல்லாம் சகஜம். தொழில் தெரிந்தவர் வாத்தியார். தெரியாதவன் தலை நரைத்திருந்தாலும் திரைதான் பிடிக்க வேண்டும்.

குருவின் பேர் எல்லப்பன். தாத்தா வாத்தியார், அப்பா வாத்தியார், அடுத்து இவர். சீடன் பேர் வேடியப்பன். நாற்பத்தைந்து வயது வரை செங்கல் சூளையில் மேஸ்திரியாக இருந்துவிட்டு, ஒருநாள் எல்லாவற்றையும் உதறிவிட்டு ஜமாவில் வந்து சேர்ந்தவன். ஆறு வருஷம் திரை பிடித்தான், பெட்டி தூக்கினான், பின்பாட்டில் நின்று கூடப் பாடினான். பழைய கட்டியக்காரர் மகள் வீட்டோடு போய்விட்டதால், இன்றைக்குத்தான் அவனுக்கு முதல் முறையாக அந்த வேஷம்.

கட்டியக்காரன் என்றால் கூத்தின் கோமாளி. ராஜா வருகிறார் என்று அறிவிப்பவனும் அவன்தான், வந்த ராஜாவின் மானத்தை வாங்குபவனும் அவன்தான். ராஜா வேஷத்துக்கு வசனம் இருக்கிறது. கட்டியக்காரனுக்கு வாய் மட்டும்தான்.

வெண்ணாங்குட்டை ஊரில் வேன் நின்றபோது காலை எட்டு மணி. கோயில் கொட்டகையில் பெட்டிகளை இறக்கிப் போட்டதும் வேடியப்பன் வாத்தியாரிடம் வந்தான்.

“வாத்தியாரே, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கண்ணா.”

“ஒரு சாவு நடந்து எத்தினி வருசம் ஆனா அத்த வெச்சி தமாசு பண்ணலாம்?”

எல்லப்பன் மத்தளத்தின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“எந்தச் சாவு?”

“தெரியாத மாதிரி கேக்கறீங்களே.”

தெரியும்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வெண்ணாங்குட்டைக்குப் பெண் அழைத்துக்கொண்டு வந்த கல்யாண டிராக்டர், ஊருக்கு அரை மைல் இருக்கும்போது கல்குட்டையில் கவிழ்ந்தது. மாப்பிள்ளையோடு சேர்த்துப் பத்துப் பேர் போனார்கள், பெண் பிழைத்துக்கொண்டாள். பத்து என்பது இந்த ஊர் சொல்வது. வேடியப்பன் பதினொன்று என்பான். பதினோராவது ஆள் டிராக்டர் ஓட்டிய அவன் தம்பி.

தம்பி சாவுக்குத் தோள் கொடுக்க வெளியாள் ஒருவரும் வரவில்லை. சூளை ஆட்கள் நாலு பேரும் வேடியப்பனும் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா, மிச்சம் இருந்த பதினாலு வருஷமும் வெண்ணாங்குட்டை என்று பலகை மாட்டிய பஸ் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குடும்பத்தில் யாரும் இந்த ஊர் மண்ணை மிதித்ததில்லை. இன்று காலை வேனை விட்டு இறங்கும்போது வேடியப்பனின் கால் ஒரு நிமிஷம் படியிலேயே நின்றது.

“இன்னா தமாசு?” என்றார் எல்லப்பன்.

வேடியப்பன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். ரொம்ப நாளாகத் தயார் செய்து வைத்திருந்தது.

“ராஜா சுயம்வரத்துக்குக் கெளம்பறாரு இல்ல? அப்ப நான் குறுக்க வந்து சொல்றேன். ‘ராஜா, தேர்ல போங்க, குதிரைல போங்க, நடந்துகூட போங்க. இந்த ஊரு கல்யாண டிராக்டர்ல மட்டும் ஏறாதீங்க. பொண்ணு வூட்டுக்கு வழி கேட்டா மேல் வூட்டுக்கு வழி காட்டுவான்.’”

எல்லப்பன் சிரிக்கவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. தொழிலில் ஒரு அடவு சரியாக விழுந்ததா என்று பார்ப்பது போலப் பார்த்தார்.

“இதுல யாரப் பாத்துச் சிரிக்கணும்?”

“வண்டி ஓட்டனவன.”

“உங்க தம்பிய.”

“ஆமா. எங்க தம்பிதானே? வேற எவனாச்சும் சொன்னா தப்பு. நான் சொல்லலாம் இல்ல?”

“ஊரு சிரிச்சா?”

“சிரிச்சா முடிஞ்சுதுன்னு அர்த்தம் வாத்தியாரே. மனசுல கோவம் இருக்கறவன் சிரிக்க மாட்டான். ஊரு சிரிச்சிடுச்சின்னா, எங்க அம்மா போட்டோ முன்னாடி போயி ‘விட்டுட்டாங்கம்மா’ன்னு ஒரு வார்த்த சொல்லிடுவேன். இருபத்திரண்டு வருசம் போதாதா?”

இதற்காகத்தான் அவன் கட்டியக்காரன் ஆனானோ என்னவோ. அதை யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

எல்லப்பன் மத்தளத்தைத் தட்டிப் பார்த்தார். சுருதி சேரவில்லை.

“ஊர சுத்தனீங்களா?”

“இன்னும் இல்ல.”

“சுத்திட்டு வாங்க.”

கட்டியக்காரனின் வேலையில் பாதி பகலில்தான் நடக்கும். கூத்து கட்டும் ஊரை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். யார் வீட்டு ஆடு யார் கொல்லையில் மேய்ந்தது, எந்தத் தெருவில் குழாய் வரவில்லை, யார் மீசையை எடுத்துவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறார், இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு வந்து ராத்திரி ராஜாவின் சபையில் அவிழ்த்துவிட வேண்டும். அப்போதுதான் ஊர், கூத்து தன்னுடையது என்று நினைக்கும். வேடியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

முதலில் கால் கல்குட்டைப் பக்கம் போனது. அவன் போகச் சொல்லவில்லை, அதுவாகப் போனது. குட்டையில் தண்ணீர் இல்லை. கரையில் ஒரு கல் நட்டிருந்தார்கள். கல்லில் பத்துப் பேர். எழுத்துக் கூட்டி எல்லாவற்றையும் படித்தான். தம்பி பேர் இருக்காது என்று தெரிந்துதான் படித்தான், ஆனாலும் கடைசி வரிக்குக் கீழே ஒருதரம் தேடினான். பிறகு ஊருக்குள் நடந்தான்.

டீக்கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் பால் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தலையில் வைத்தார்.

“போச்சுடா. பாலு சம்பங்கி ஆயிடுச்சு.”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், “உன் வியாபாரமே சம்பங்கிதான்யா” என்றார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

வேடியப்பனும் சிரித்துவிட்டான். நாலு பேர் சிரிக்கும்போது கூடச் சிரிப்பது அவனுக்குப் பழக்கம், தொழிலும் அதுதான். சிரித்த பிறகுதான் அந்தச் சொல் காதுக்குள் போனது.

அவன் தம்பியின் பேர் சம்பங்கி.

“இன்னா சொன்னீங்கோ?” என்று கேட்டான். குரல் சரியாகத்தான் வந்தது.

“பாலு திரிஞ்சிடுச்சி, வேற போடறேன், செத்த இருங்க.”

“இல்ல, சம்பங்கின்னு ஏதோ சொன்னீங்களே.”

“ஓ, அதுவா? எங்க ஊருல அப்படித்தான் சொல்வோம். வெளியூருகாரங்களுக்கு வெளங்காது. ஒரு காரியம் கெட்டுப்போச்சின்னா சம்பங்கி ஆயிடுச்சிம்போம்.”

“எதனால?”

கடைக்காரர் யோசித்தார். அவருக்கு முப்பது வயது இருக்கும்.

“எவனோ வண்டியக் கவுத்தானாம் அந்தக் காலத்துல. எங்கப்பா சொல்வாரு. கல்குட்டைல கல்லு கீது பாருங்க, அந்த விசயம். எனக்கு அப்ப வெவரம் பத்தாது, மெட்ராஸ்ல எங்க மாமா வூட்ல இருந்தேன்.”

“ஓ.”

“கட்டியக்காரருதானே நீங்க? ராத்திரி போடுங்க இத்த. ராஜ்ஜியம் சம்பங்கி ஆயிடுச்சின்னு சொல்லுங்க, ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும்.”

வேடியப்பன் டீ குடிக்காமல் எழுந்தான்.

பள்ளிக்கூடச் சுவர் ஓரம் ஒரு பெண் பிள்ளை சைக்கிளைப் படுக்க வைத்துச் செயினோடு மல்லாடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வயது இருக்கலாம். கையெல்லாம் கிரீஸ். அவன் குனிந்து செயினை மாட்டிக் கொடுத்தான்.

“தேங்க்ஸ் மாமா. தெனமும் இந்த எடத்துல வந்தா சம்பங்கி ஆயிடுது.”

“சம்பங்கின்னா இன்னாம்மா?”

“கெட்டுப்போறது.”

“யாரு சொன்னா?”

“எல்லாரும்தான் சொல்வாங்க.”

“அது பூ பேராச்சே.”

“அது வேற சம்பங்கி மாமா” என்று சொல்லிவிட்டு அது பெடலை மிதித்துக்கொண்டு போய்விட்டது.

வேடியப்பன் சுவர் நிழலில் கொஞ்ச நேரம் நின்றான். பிள்ளை மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. யாராவது ‘அந்தப் படுபாவி சம்பங்கி’ என்று காறித் துப்பியிருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது. துப்புகிறவனுக்கு அது ஒரு ஆள் என்றாவது தெரியும்.

கொட்டகைக்குத் திரும்பியபோது எல்லப்பன் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மத்தளம் சுருதி சேர்ந்துவிட்டது போல, ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்.

“சிரிச்சிக்கினுதான் கீறாங்க வாத்தியாரே” என்றான் வேடியப்பன்.

“அப்படியா?”

“ரொம்ப வருசமா சிரிக்கிறாங்க போல. பாலு கெட்டா சம்பங்கி, செயினு கழண்டா சம்பங்கி. பள்ளிக்கூடப் புள்ள சொல்லுது.”

“நீங்க கேட்டது அதானே? ஊரு சிரிக்கணும்னு.”

“நான் கேட்டது இது இல்ல.”

“இன்னா வித்தியாசம்?”

வேடியப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

“எங்க தம்பியே அதுல இல்ல வாத்தியாரே” என்றான்.

எல்லப்பன் எழுந்து வேட்டியைத் தட்டிக் கட்டினார்.

“வாங்க, சாப்பிடப் போலாம். நமக்குக் கன்னியம்மா வூட்ல சொல்லியிருக்காங்க.”

கூத்துக்காரர்களை வீட்டுக்கு இரண்டு பேராகப் பிரித்துச் சாப்பாடு போடுவது அந்த ஊர் வழக்கம். நடந்து போகும்போது எல்லப்பன் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

“அந்தப் பத்துப் பேரு கருமாதிக்கு எங்கப்பாதான் இங்க வந்து கூத்து கட்டனாரு. எனக்குப் பதினாறு வயசு, தாளம் போட்டேன். அன்னிக்குக் கட்டியக்காரன் வேணான்னு ஊருல சொல்லிட்டாங்க. கோமாளி இல்லாம எங்க ஜமா ஆடன கூத்து அது ஒண்ணுதான்.”

“சரி.”

“இந்தக் கன்னியம்மாதான் அந்தக் கல்யாணப் பொண்ணு.”

வேடியப்பன் நின்றுவிட்டான். எல்லப்பன் நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் வேடியப்பனும் நடந்தான்.

கன்னியம்மாவுக்கு நாற்பது தாண்டியிருந்தது. முன்னறையில் தையல் மிஷின், ஆணியில் தைத்த ரவிக்கைகள். கல்யாணமான அன்றே புருஷனை இழந்தவள், புருஷன் வீட்டிலேயே தங்கி, மாமியாரையும் மாமனாரையும் கடைசி வரை பார்த்து அனுப்பிவிட்டு, இப்போது தனியாக இருந்தாள். வாய் மட்டும் நாலு பேருக்கு இருந்தது.

“உக்காருங்க, உக்காருங்க. எல போட்டாச்சு. எங் கல்யாணச் சாப்பாட்டத் துன்ன ஆளில்லாம போச்சி. அன்னிக்குப் புடிச்சி, வர்றவங்களுக்கெல்லாம் போட்டுக்கினே கீறேன், இன்னும் தீரல.”

எல்லப்பன் புன்னகைத்தார். வேடியப்பன் குனிந்து இலையைத் துடைத்தான். பயமாக இருந்தது. ஆனால் இன்னொரு பக்கம், தொழில்காரன் புத்தி போகாது பாருங்கள், ‘இந்தம்மா நம்மைவிடத் தேவலையே’ என்றும் நினைத்தான்.

சோறு வைத்துக் குழம்பு ஊற்றும்போது பக்கத்து வீட்டு மருமகள் எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, எங்கூட்ல அப்பளம் சம்பங்கி ஆயிடுச்சு. உங்குட்ட நாலு கீதா?”

கன்னியம்மா அப்பளத்தை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, “தீஞ்சி போச்சின்னு சொல்லு” என்றாள்.

“ஒரே அர்த்தந்தானேக்கா.”

“என் வூட்ல ஒரே அர்த்தம் இல்ல.”

அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு போனாள். கன்னியம்மா தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“அது ஒரு ஆளு பேருங்க. இந்தப் பசங்களுக்கு எங்க தெரியுது.”

வேடியப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“நீங்க அன்னிக்கே வெளாட்டா பேசுவீங்கன்னு எங்கப்பா சொல்வாரு” என்றார் எல்லப்பன்.

“உங்கப்பா பெரிய வாத்தியாரா? அவருக்குத் தெரியுமா அது?” கன்னியம்மா சிரித்தாள். “பத்தாம் நாளு தாலி அறுக்க வந்தாங்க. ‘முடிச்ச அவுக்கணும்னா போட்டவங்கதான் அவுக்கணும். மொத முடிச்சு போட்டவரு, மிச்சம் ரெண்டு முடிச்சு போட்ட நாத்தனாரு, ரெண்டு பேரும் ஒரே வண்டில போயிட்டாங்களே, இப்ப யாரக் கூப்புடுவீங்க?’ன்னேன். எங்கம்மா எட்டி ஒரு அறை வெச்சிது பாருங்க, இந்தக் காது ரெண்டு நாளு கேக்கல.”

“யாரும் சிரிக்கலையா?” என்றார் எல்லப்பன்.

“யாரு சிரிப்பா? பைத்தியம் புடிச்சிடுச்சின்னு வேப்பிலை அடிச்சாங்க. நான் மட்டும் சிரிச்சிக்கினு இருந்தேன்.”

“இப்ப?”

“இப்ப அதயே சொன்னா ஊரு சிரிக்கிது. போன மாசம் ஒரு கல்யாணத்துல, ‘அத்த, அந்தத் தாலிக் கத சொல்லு அத்த’ன்னு பொம்பளைங்க சூழ்ந்துகினாங்க. சொன்னேன். எல்லாரும் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல.”

“ஏன்?”

கன்னியம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அன்னிக்கு நான் சொன்னது அவங்களுக்கு இல்ல வாத்தியாரே. அவருக்கு. ‘பாத்தியாய்யா, இறுக்கிக் கட்டிட்டுப் போயிட்ட, அவுக்க ஆளில்ல’ன்னு அவருகிட்ட சொல்ற மாதிரி சொன்னேன். பக்கத்துல நிக்கிற மாதிரியே இருந்திச்சி. இப்ப அவரு மூஞ்சே செரியா நெனப்பு வரல. மூணு மணி நேரம் பாத்த மூஞ்சி எத்தினி நாளுக்கு வரும்? சொல்றேன், சிரிக்கிறாங்க. யாருகிட்ட சொல்றேன்னுதான் எனக்குத் தெரியல.”

அவள் எழுந்து ரசம் ஊற்றினாள்.

“அந்த டிராக்டர் புள்ள...” என்று ஆரம்பித்தாள்.

வேடியப்பனின் கை நின்றது.

“விடிகாலைலருந்து ஜனங்கள ஏத்தி எறக்கிக்கினே இருந்திச்சி. மூணு நடை. நான் பொண்ணு அலங்காரத்துல உக்காந்து பாத்துக்கினே கீறேன். நாலாம் நடைக்கு எங்க மாமனாருகிட்ட வந்து, ‘தூக்கமா வருதுங்க, மூஞ்சி கழுவிட்டு வந்துடறேன்’னுது. அவரு வெளாட்டு மனுசன். ‘தாலி கட்டியாச்சி, பொண்ணும் கெடச்சாச்சி, இனிமே உன் மூஞ்ச எவ பாக்கப்போறா? ஏறுடா’ன்னாரு. எல்லாரும் கொல்லுனு சிரிச்சிட்டாங்க. அதுவும் வெக்கப்பட்டுச் சிரிச்சிட்டு ஏறிடுச்சி.”

ரசத்தைக் கரண்டியால் கலக்கினாள்.

“நானும் சிரிச்சேன்” என்றாள்.

வேடியப்பனுக்குத் தம்பியின் முகம் அப்படியே வந்தது. வெட்கப்பட்டால் நாக்கைக் கடித்துக்கொள்வான். இருபத்திரண்டு வருஷமாக வெள்ளைத் துணிக்குள் இருந்த முகம்தான் அவனுக்கு வந்துகொண்டிருந்தது. இப்போது நாக்கைக் கடித்துக்கொண்டு வந்து நின்றது. அழுதுவிடுவோம் என்று பயந்து தண்ணீரைக் குடித்தான்.

“குடிச்சிட்டு ஓட்டனான்னு ஊருல சொன்னாங்கோ. அது சொட்டு காப்பி குடிக்கல அன்னிக்கு. நான் சொன்னேன், யாரு கேட்டா? பைத்தியம் சொல்றத.” அவள் வேடியப்பன் பக்கம் திரும்பினாள். “நீங்கதான் கட்டியக்காரரா? வந்ததுலருந்து வாயே தொறக்கல. கோமாளின்னா இப்படியா? எந்த ஊருங்க உங்களுக்கு?”

எல்லப்பன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லியிருக்கலாம். சம்பங்கியின் அண்ணன், இரண்டு சொல்தான். வேடியப்பனின் வாய்க்குப் பழக்கம் வேறு.

“எந்த ஊருல சோறு போடறாங்களோ, அதான்மா என் ஊரு.”

கன்னியம்மா வாய்விட்டுச் சிரித்தாள். “பாத்தியா, வாய் கீது” என்றாள்.

அந்த ஊரில் அவன் சம்பாதித்த முதல் சிரிப்பு அது. வந்ததும் வெட்கமாகிவிட்டது. இலையை மூடிவிட்டு எழுந்தான்.

தெரு முனைக்கு வந்ததும் வேடியப்பன் சொன்னான்.

“அந்த டிராக்டர் தமாசு நான் சொல்லல வாத்தியாரே.”

“நான் சொல்லாதீங்கன்னு சொன்னனா?”

“அந்தம்மா வந்து உக்காந்திருப்பாங்க.”

“மொத வரிசையில.”

“அப்பறம் எப்படிச் சொல்றது?”

எல்லப்பன் வழியில் ஒரு வீட்டு வாசலில் காய்ந்துகொண்டிருந்த நெல்லை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கி நடந்தார்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வேஷம் கட்ட உட்கார்ந்தார்கள். பெட்டியைத் திறந்து எல்லோரும் கண்ணாடியைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தபோது, வேடியப்பன் கோமாளிக் குல்லாயைக் கொண்டுவந்து வாத்தியார் முன்னால் வைத்தான்.

“வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க. நான் திரை புடிக்கறேன்.”

“ஏன்?”

“எனக்கு இன்னிக்கு வாய் வராது.”

“மத்தியானம் வந்துதே.”

வேடியப்பன் தலை குனிந்தான். எல்லப்பன் அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, விரலில் வெள்ளையைத் தொட்டு நெற்றியில் பூச ஆரம்பித்தார். வாத்தியார் தன் கையால் யாருக்கும் பூசுவதில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

“உள்ள வந்ததும் பின்பாட்டு இன்னா கேக்கும்?”

“நானே ஆறு வருசமா கேட்டிருக்கேன். ‘ஆரடா நீ? பேர் என்ன, ஊர் என்ன, கூடப் பொறந்தவன் யாரு?’”

“நீங்க இன்னா பதில் வெச்சிருக்கீங்க?”

“பழையவரு சொல்றதுதான். ‘என் பேரு எனக்கே தெரியாது, ஊரு தாண்டி வந்துட்டேன், கூடப் பொறந்தது கொட்டாவி’.”

“அது அந்தம்மாவுக்குச் சொன்ன பதிலுதான்.”

வெள்ளை கன்னத்துக்கு இறங்கியது. வேடியப்பன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். இமை துடித்தது.

“நெசத்தச் சொல்லவா?” என்றான்.

எல்லப்பன் அடுத்த கன்னத்துக்கு மாறினார்.

“‘பேரு வேடியப்பன், கூடப் பொறந்தவன் சம்பங்கி’ன்னு சொன்னா இன்னா ஆவும் தெரியுமா வாத்தியாரே? கல்லால அடிக்க மாட்டாங்க. சிரிப்பாங்க. சம்பங்கின்னு சொன்னதுமே சிரிப்பாங்க. நெசம்னு ஒருத்தனுக்கும் தெரியாது. புதுக் கோமாளி பிரமாதம்பாங்க.”

“சிரிக்கட்டும்.”

“நான் இன்னா பண்றது அப்ப?”

“நில்லுங்க.”

“எவ்ளோ நேரம்?”

எல்லப்பன் பூசிய முகத்தை ஒருதரம் தள்ளி நின்று பார்த்தார். குல்லாயை எடுத்து அவன் தலையில் வைத்துச் சரிசெய்தார்.

“கடைசி ஆளு சிரிப்ப நிறுத்தற வரைக்கும் நில்லுங்கண்ணா. நீங்க சிரிக்காதீங்க. எல்லாரும் உங்க மூஞ்சப் பாத்து, நெசம்னு தெரிஞ்சி அடங்கனதுக்கு அப்பறம் உங்க டிராக்டர் தமாச சொல்லுங்க. அதுக்கும் சிரிச்சாங்கன்னா, காலைல நீங்க கேட்ட வருசம் ஆயிடுச்சு.”